தார் பாலைவனத்தின் மாதவாரி வானிலையும் பருவமழையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜஸ்தானின் மேற்கே, தார் பாலைவனத்தில் உள்ள ஜெய்சல்மேரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 20 செ.மீ. கார்த்திகை மாதத்தில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் நகராமல் நின்றுவிட்டால், தமிழகக் கரையோர ஊர் ஒன்றுக்கு ஒரே நாளில் கிடைத்துவிடக்கூடிய அளவு அது. இந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு, தாரில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அதே தாரில்தான், 2006 ஆகஸ்டில், பார்மர் மாவட்டத்துக் கவாஸ் கிராமம் வெள்ளத்தில் மூழ்கியது. மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவு இருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்க வழியின்றி, மழை நின்ற பிறகும் நெடுநாள் தேங்கியே கிடந்தது.

ஆகவே பயணக் கையேடுகளில் வரும், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட வானிலை அட்டவணையைத் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுலாவாகப் போகிறவர்கள், எல்லைப் பகுதிக்கோ சூரிய மின் நிலையங்களுக்கோ பணிமாற்றலில் செல்கிறவர்கள், புவியியல் படிக்கிற மாணவர்கள் ஆகியோருக்கு, அந்த அட்டவணையை எந்த வரிசையில் படித்தால் பொருள் விளங்கும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தத் தார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ராஜஸ்தான் வானிலை" என்று தேடுவது வீண் வேலை. ஆரவல்லி மலைத்தொடர் அந்த மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஆரவல்லியின் தென்கோடியில் உள்ள மவுன்ட் அபுவில் ஆண்டுக்கு 150 செ.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. அங்கிருந்து வடமேற்கே எல்லையை நோக்கிப் போகப்போக அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் மேற்கு ராஜஸ்தான், கிழக்கு ராஜஸ்தான் என்று இரண்டு துணைப் பிரிவுகளாகவே கணக்கு வைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இயல்பு மழை மேற்கில் சுமார் 280 மி.மீ., கிழக்கில் சுமார் 625 மி.மீ. ஜெய்ப்பூரும் உதய்ப்பூரும் கிழக்கில் இருக்கின்றன. அவற்றின் மழைக் கணக்கைப் பாலைவனத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மேற்குக்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஆண்டு மழை ஜோத்பூரில் ஏறத்தாழ 35 செ.மீ.; பிகானேர், பார்மர் ஊர்களில் 25 முதல் 30; ஜெய்சல்மேரில் 20 சுற்றளவில். ஜெய்சல்மேருக்கும் மேற்கே, எல்லையை ஒட்டிய மணல்வெளிகளில் இன்னும் குறைவு.

அளவைப் போலவே மழை வரும் திசையும் முக்கியம். தெற்கே உள்ள பார்மரும் ஜாலோரும் குஜராத் பக்கமிருந்து, அதாவது அரபிக்கடலிலிருந்து ஏறிவரும் மழைக்கு வாசலில் இருக்கின்றன. வடக்கே உள்ள ஸ்ரீகங்காநகர், பிகானேர், சுரு ஆகியவை குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மேகங்களுக்கு அருகில் இருக்கின்றன. சுருவை மட்டும் தனியாகப் பாருங்கள்: 2019 ஜூன் 1 அன்று அங்கே 50.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே ஊரில் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. "பாலைவனம் என்றால் எப்போதும் சூடு" என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு ஜனவரியில் போகிறவர்கள் முதல் இரவிலேயே கம்பளி தேடுவார்கள்.

படி 2: மழை ஏன் வருவதில்லை, வரும்போது எங்கிருந்து வருகிறது

பள்ளிப் பாடத்தில் ஒரு விடை எல்லோருக்கும் தெரியும்: ஆரவல்லி தென்மேற்கு–வடகிழக்காக, அரபிக்கடல் காற்றுக்கு இணையாக ஓடுகிறது, குறுக்கே நின்று தடுக்காததால் மழை இல்லை. தவறில்லை, ஆனால் பாதி விடை. மலையே இல்லாத கங்கைச் சமவெளியில் நன்றாக மழை பெய்கிறதே?

மீதிப் பாதி மேலே இருக்கிறது. ஜூலையில் தாரின் மீது கடல் காற்று வரத்தான் செய்கிறது, ஈரப்பதமும் இருக்கிறது. ஆனால் அந்த ஈர அடுக்கு தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஈரான், பலுசிஸ்தான் பக்கமிருந்து வரும் வறண்ட சூடான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. கீழே கிளம்பும் மேகம் அந்த மூடியை முட்டி, வளர முடியாமல் கலைந்துபோகிறது. ஜூலை மாதத்து ஜெய்சல்மேர் வானில் மேகங்கள் ஊர்வலம் போவதும், ஒன்றுகூடச் சொட்டுவிடாமல் கடந்து செல்வதும் இதனால்தான்.

அந்த மூடி எப்போது திறக்கிறது என்பதே தாரின் மழைக் கணக்கு. வழிகள் நான்கு.

முதலாவது, பெரும்பங்கு தருவது: வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள். இவை ஒடிசா கரையைக் கடந்து, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் வழியாக மேற்கு–வடமேற்கே நகர்கின்றன. பெரும்பாலானவை வழியிலேயே வலுவிழந்துவிடும். தப்பிப் பிழைத்து ராஜஸ்தான் வரை வரும் சிலவற்றோடு ஈர அடுக்கின் ஆழம் கூடி, மூடி உடைகிறது. பாலைவனம் நனைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புரி கடற்கரையில் காற்று சுழல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மேற்கத்திய இடையூறுகள். மத்தியதரைக்கடல் பக்கம் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே டிசம்பர் முதல் மார்ச் வரை வருபவை. மில்லிமீட்டரில் அற்பம், விவசாயத்தில் பெரிது. ராஜஸ்தானில் இந்தக் குளிர்கால மழைக்கு "மாவட்" என்று பெயர். மூன்றாவது, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான இடிமழை, பெரும்பாலும் புழுதியோடு. நான்காவது, எப்போதாவது வரும் அரபிக்கடல் புயல். 2023 ஜூன் 15 அன்று குஜராத்தின் ஜக்காவ் அருகே கரையைக் கடந்த பிபர்ஜாய், வலுவிழந்த பின்னும் பார்மர், ஜாலோர், சிரோஹி, பாலி மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. பருவமழை அங்கே எட்டிப்பார்க்க இன்னும் பல நாட்கள் இருந்த நேரம் அது.

படி 3: மாதங்களை வரிசையாகப் பாருங்கள்

கீழே தரும் வெப்பநிலை எண்கள் ஜெய்சல்மேரைச் சுற்றிய தோராயமான சராசரிகள். ஜோத்பூருக்கு ஓரிரு டிகிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சுருவுக்கு இரு முனைகளையும் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஜனவரி: பகலில் 23 – 24, இரவில் 7 – 8 டிகிரி. வெயில் இதமாக இருக்கும். சூரியன் மறைந்ததும் மணல் வெப்பத்தை விரைவாக இழந்துவிடும். வடக்கே ஸ்ரீகங்காநகர், பிகானேர் பக்கம் அடர்ந்த மூடுபனி ரயில்களைத் தாமதமாக்கும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால் அது குளிர் அலை. ஜனவரிச் செய்திகளில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்ப்பீர்கள்.

பிப்ரவரி: என் கணக்கில் ஆண்டின் சிறந்த மாதம். பகலில் 27 – 28, இரவில் 11. மாவட் ஒருமுறை நன்றாகப் பெய்தால் கடுகுக்கும் கோதுமைக்கும் வரம். சீரக விவசாயிக்கு மட்டும் இதில் கலக்கம்: வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்து ஈரப்பதம் கூடினால் சீரகத்தில் கருகல் நோய் பரவிவிடும். ஒரே மேகத்தைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களில் ஒருவர் மகிழ்வதும் ஒருவர் கவலைப்படுவதும் இங்கே வழக்கம்.

மார்ச்: பகல் வெப்பம் 33 வரை ஏறும். தாமதமாக வரும் மேற்கத்திய இடையூறு ஆலங்கட்டியோடு வரக்கூடும். அறுவடைக்கு நிற்கும் இசப்கோல் (மருந்தாகும் உமி தரும் செடி) பயிருக்கு ஒரு சிறு மழைகூடப் போதும். முற்றிய விதைகள் உதிர்ந்து மண்ணோடு போய்விடும். அட்டவணையில் மார்ச் மழை 3 மி.மீ., 4 மி.மீ. என்றிருப்பதைக் கண்டு அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள்.

ஏப்ரல்: 38 – 39 டிகிரி. தென்மேற்கிலிருந்து புழுதிக் காற்று தொடங்குகிறது. வெளிவேலை காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும்.

மே: பகல் சராசரி 41 – 42. ஆனால் சராசரியைவிட உச்சங்கள்தான் பேசப்பட வேண்டியவை. 2016 மே 19 அன்று ஜோத்பூருக்கு வடமேற்கே உள்ள பலோதியில் 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் இதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். பகல் முழுக்க மேற்கிலிருந்து "லூ" என்னும் அனல் காற்று வீசும். வியர்வை வெளிவருவதே தெரியாது; வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை என்பது வானிலை ஆய்வு மையத்தின் வரையறை.

நமக்கு அக்னி நட்சத்திரம் முடிகிற வேளையில் அவர்களுக்கு "நௌதபா" தொடங்குகிறது. சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நுழையும் மே 25 வாக்கில் தொடங்கும் ஒன்பது நாட்கள். இந்த ஒன்பதும் நன்றாகக் காய்ந்தால் மழை நன்றாக இருக்கும் என்பது ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் பகுதியின் நம்பிக்கை. இதில் கொஞ்சம் அறிவியல் வாசனையும் இருக்கிறது. தார்–சிந்து வெளி நன்கு சூடானால் அங்கே வெப்பத் தாழ்வழுத்தம் வலுக்கும். பருவக்காற்றை இழுக்கும் சக்திகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஒன்பது நாள் வெயிலைக் கொண்டு நான்கு மாத மழையைக் கணிக்க முடியாது. இழுக்கும் கயிறு இருந்தாலும் மறுமுனையில் வங்கக்கடலில் தாழ்வுப் பகுதிகள் உருவாக வேண்டுமே.

ஜூன்: வெப்பத்தில் மே மாதத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல, இரவிலும் 27 – 28க்குக் கீழே இறங்குவதில்லை. புழுதிப் புயலின் உச்சம் இந்த மாதம்தான். இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, அழுத்த வேறுபாட்டால் நாள்கணக்கில் வீசும் புழுதிக் காற்று. வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும், சூரியன் மங்கித் தெரியும், குறிப்பாக எதுவும் "வராது", எதுவும் "போகாது". மற்றது "ஆந்தி". பிற்பகலில் காற்று சட்டென்று நின்றுபோகும். புழுக்கம் மூச்சை அடைக்கும். அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழும். அரை மணி நேரம் கழித்து ஊரைத் தொடும்போது தெருவிளக்கு எரிய வேண்டிய அளவுக்கு இருட்டிவிடும். இடிமேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. அதனால் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி, மணலை வாரிக்கொண்டு முன்னே ஓடுகிறது. அதுதான் அந்தச் சுவர். சில நிமிடங்களில் வெப்பநிலை பத்து டிகிரி வரை இறங்கும். கடைசியில் நான்கைந்து பெரிய துளிகள் புழுதியோடு கலந்து சேறாகவே விழும். அட்டவணைக்கு அது 0.2 மி.மீ. அங்கே இருப்பவருக்கு அன்றிரவு மொட்டை மாடியில் தூங்கலாம் என்ற செய்தி.

ஜூலை: பருவமழை கேரளத்தைத் தொடுவது இயல்பில் ஜூன் 1. நாடு முழுவதையும் மூடி முடிப்பது ஜூலை 8. அந்தக் கடைசி மூலைதான் மேற்கு ராஜஸ்தான். ஜூலை மழை ஜெய்சல்மேரில் 5 – 6 செ.மீ., ஜோத்பூரில் அதைப்போல் இருமடங்கு. முதல் நல்ல மழை விழுந்த மறுநாளே கம்பு, நரிப்பயறு, பாசிப்பயறு, கொத்தவரை விதைப்பு தொடங்கிவிடும். மணல் மண் ஈரத்தை நெடுநாள் வைத்திருக்காது என்பதால் அந்த ஓரிரு நாள் அவசரம் உயிர்ப் பிரச்சினை. பகல் வெப்பம் 38க்கு இறங்கியிருக்கும். ஆனால் ஈரப்பதத்தோடு சேர்ந்த இந்த 38, மே மாதத்து 42ஐவிட உடம்புக்குக் கடுமையானது. ஏர் கூலர்களும் இப்போது வேலைக்கு ஆகா. வறண்ட காற்றில்தான் அவை குளிரூட்டும்.

ஆகஸ்ட்: ஜூலையோடு சேர்த்து ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்த மாதத்தில். மேகமூட்டத்தால் பகல் 36 அளவில் நிற்கும். மணல்மேடுகளின் சரிவில் சேவண் புல் தலைகாட்டும். வன்னி மரங்கள் கழுவிவிட்டதுபோல் இருக்கும். தாரைப் பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டின் பின்பாதிதான் நேரம், மழை வந்திருந்தால். ஏனென்றால் இந்த மாதத்தின் மறுபக்கம் இடைவெளி: மழையைத் தரும் நீண்ட தாழ்வழுத்தப் பட்டையான பருவமழைத் தாழ்வுப் பள்ளம் வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் பீகாரிலும் அசாமிலும் வெள்ளம் வரும், தாரில் பத்து, பதினைந்து நாட்கள் ஒரு துளி விழாது. முழங்கால் உயரக் கம்பு நின்ற இடத்திலேயே வாடும்.

செப்டம்பர்: முதல் பாதியில் ஒரு நல்ல மழை வாய்க்கலாம், பிறகு காற்று மேற்குக்குத் திரும்பிவிடும். பருவமழை விலகலும் இங்கிருந்தே தொடங்குகிறது, இயல்புத் தேதி செப்டம்பர் 17. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசியாக வந்து முதலில் போகும் விருந்தாளி தங்குவது எழுபது நாட்கள்தான். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் ஈர மணலில் பாலைவன வெட்டுக்கிளி பெருகுவதும் இந்தச் சமயத்தில்தான். அதைக் கண்காணிக்க 1939 முதலே தனி அமைப்பு ஒன்று இயங்குகிறது.

அக்டோபர்: வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், வெயில் மீண்டும் 36ஐத் தொடும். இந்த "இரண்டாம் கோடை"யைக் கையேடுகள் மறைத்துவிடுகின்றன. மாத இறுதியில்தான் உண்மையில் தணிகிறது. நவம்பரும் டிசம்பரும் வறட்சி, தெளிந்த வானம், குளிரும் இரவு. வடகிழக்குப் பருவமழைக்குப் பழகிய நமக்கு இந்த இரண்டு மாதங்களுக்கும் குடை வேண்டாம் என்பது நம்பக் கடினமாக இருக்கும். நவம்பரில் பகல் 31, இரவு 14. டிசம்பரில் 26, 9.

படி 4: சராசரியை உரித்துப் பாருங்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகிற படி. கற்பனையாக ஒரு பாலைவன ஊரின் பத்து ஜூலை மாதங்களை எடுத்துக்கொள்வோம். மழை, மில்லிமீட்டரில், சிறியதிலிருந்து பெரியதாக: 5, 12, 18, 22, 30, 35, 48, 70, 110, 250. கூட்டினால் 600, சராசரி 60. "இந்த ஊரில் ஜூலையில் 60 மி.மீ. பெய்யும்" என்று அட்டவணை சொல்லும். ஆனால் பத்தில் ஏழு ஆண்டுகளில் 60ஐ எட்டவே இல்லை. நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 32.5, அதாவது சராசரியில் பாதியைச் சற்றே தாண்டியது. அந்த ஒரே 250தான் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

ஈரமான நாடுகளில் சராசரியும் இடைநிலையும் அருகருகே இருக்கும். பாலைவனத்தில் விலகிப் போகும். மேற்கு ராஜஸ்தானின் ஆண்டு மழைக்கு மாறுபாட்டுக் கெழு, அதாவது ஆண்டுக்கு ஆண்டு மழை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு, ஜெய்சல்மேர் பக்கம் 60 சதவீதத்தைத் தொடுகிறது. எனவே எந்த அட்டவணை கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஆண்டுகளின் சராசரி? இடைநிலை அளவு தந்திருக்கிறார்களா? மழை நாட்கள் எத்தனை?

முதல் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. வானிலை ஆய்வு மையம் இயல்பு அளவுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. பழைய நூல்களில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து பருவமழை விலகும் தேதி செப்டம்பர் 1 என்றுதான் இருக்கும். 2020இல்தான் அது 17ஆக மாற்றப்பட்டது. நாடு முழுவதும் பரவும் தேதியும் ஜூலை 15லிருந்து 8க்கு வந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் மேற்கு ராஜஸ்தானில் பருவமழை கூடிவரும் போக்கை ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பது ஆண்டு பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு இன்றைய ஆகஸ்டைத் திட்டமிடுவது சரியாகாது.

மூன்றாவது கேள்வி பயணிக்கு மிகவும் உதவும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் இந்தியக் கணக்கில் அது "மழை நாள்". ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு அப்படிப் பத்து நாட்கள் அளவில்தான் கிடைக்கின்றன. 200 மி.மீ. மழை பத்து நாளில் என்றால் நாளுக்கு 20 மி.மீ.; அதுவும் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில். ஆகஸ்டில் ஒரு வாரம் தங்கினாலும் முழுக்க உலர்ந்தே திரும்ப வாய்ப்பு அதிகம். நனைந்தால் நன்றாகவே நனைவீர்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி இயல்பைவிடச் சூடாகும் எல் நினோ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 1987, 2002, 2009 மூன்றும் எல் நினோ ஆண்டுகள். மூன்றிலும் ராஜஸ்தான் வறட்சியில் வாடியது. குறிப்பாக 2002 ஜூலையில் நாடு முழுவதற்குமே பாதி மழைதான் கிடைத்தது. ஆனால் 1997இன் வலுவான எல் நினோ இந்தியப் பருவமழையை ஒன்றும் செய்யவில்லை. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

படி 5: முன்னறிவிப்பின் மொழியைப் பழகுங்கள்

ஜெய்ப்பூர் வானிலை மையத்தின் அறிக்கைகளில் ஜோத்பூர் கோட்டம், பிகானேர் கோட்டம் என்று தனித்தனியாக வருவதை மட்டும் பாருங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பரப்பின் நிலையங்களில் கால் பங்குக்குள். "சில இடங்களில்" என்றால் பாதி வரை. தாரில் பெரும்பாலான நாட்களுக்கு இவ்விரண்டில் ஒன்றுதான் வரும். எனவே பக்கத்து ஊரில் பெய்து உங்கள் ஊரில் பெய்யாததற்கு முன்னறிவிப்பைத் திட்டுவதில் நியாயமில்லை.

மழை அளவு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலான கணக்கு. செவ்வாய்க்கிழமை மாலை பெய்த மழை புதன்கிழமைப் பதிவில்தான் இருக்கும். நாளிதழ் எண்ணையும் நாட்குறிப்பையும் ஒப்பிடும் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யைத் தாண்டினால் கனமழை, 115.6இலிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்த அளவுகோல் சிரபுஞ்சிக்கும் ஜெய்சல்மேருக்கும் ஒன்றே. கடைசி வகை மழை ஜெய்சல்மேரில் பெய்தால், ஓர் ஆண்டின் மழை ஒரே நாளில் விழுந்துவிட்டது என்று பொருள்.

சதவீதங்களிடம் கவனமாக இருங்கள். ஒரு வாரத்தின் இயல்பு 2 மி.மீ.; பெய்தது 8 மி.மீ. என்றால், "இயல்பைவிட 300 சதவீதம் அதிகம்" என்று தலைப்பு வரும். தரை நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான முன்னெச்சரிக்கை வேண்டுமென்றால் உள்ளூர் முன்னறிவிப்பைவிடக் கிழக்கே பாருங்கள். வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி கரையைக் கடந்து, மத்தியப் பிரதேசத்தைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறதா? அப்படியானால் அடுத்த ஓரிரு நாட்களில் தாருக்கு வேலை இருக்கிறது.

படி 6: மில்லிமீட்டரை லிட்டராக்கிப் பாருங்கள்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தச் சிறு கணக்கு தெரிந்துவிட்டால் தாரின் வீட்டு முற்றங்கள் புரியத் தொடங்கும்.

அங்கே "டாங்கா" என்று ஒரு நிலத்தடித் தொட்டி உண்டு. வட்டமாகத் தோண்டி, சுண்ணாம்பாலோ சிமெண்டாலோ பூசி, மேலே மூடி, சிறு கதவும் பூட்டும் வைத்திருப்பார்கள். சுற்றிலும் தரையை இறுக்கி, தொட்டியை நோக்கிச் சரிவாக்கி, முள்வேலி போட்டிருப்பார்கள். அந்த ஏந்து பரப்புக்கு "ஆகோர்" என்று பெயர். ஆட்டை அங்கே மேயவிட மாட்டார்கள். மழைக்கு முன்னால் பெருக்கி வைப்பார்கள்.

300 சதுர மீட்டர் ஆகோரில் ஆண்டுக்கு 200 மி.மீ. பெய்தால் விழுவது 60,000 லிட்டர். மண் குடித்தது, ஆவியானது போக மூன்றில் ஒரு பங்கு தொட்டிக்கு வந்தாலும் 20,000 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லிட்டர் என்றால் நாளுக்கு 50 லிட்டர். 400 நாட்களுக்கு வரும். அடுத்த ஜூலையைத் தாண்டிவிடலாம். ஆனால் 60 மி.மீ. பெய்யும் ஆண்டில் கணக்கு அதே விகிதத்தில் குறையாது. அதைவிட மோசமாகக் குறையும். 3, 4 மி.மீ. தூறல்களில் தரை நனையுமே தவிர நீர் ஓடாது. ஆண்டு மொத்தத்தைவிட, ஒரே மூச்சில் 20 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை என்பதே டாங்காக்காரருக்கு முக்கியம்.

ஜெய்சல்மேர் பக்கத்தில் "கடீன்" என்ற ஏற்பாடு இன்னும் பெரியது. பாலிவால் சமூகத்தினர் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து வளர்த்தெடுத்தது. பாறை மேட்டில் விழும் மழை தாழ்வான நிலத்துக்கு ஓடிவரும். அங்கே நீண்ட மண்கரை கட்டித் தேக்கிவிடுவார்கள். ஆகஸ்டில் ஏரிபோல் நிற்கும் இடம் அக்டோபர், நவம்பரில் வடிந்து ஈர வயலாகும். அதில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள், பாசனமே இல்லாமல். ஆகஸ்ட் கட்டத்தில் உள்ள 6 செ.மீ. எப்படி மார்ச் மாத அறுவடையாகிறது என்பதை அட்டவணை ஒருபோதும் சொல்லாது.

படி 7: தேதியைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் நடு முதல் பிப்ரவரி இறுதி வரை யாரும் போகலாம். டிசம்பர், ஜனவரியில் மணல்மேட்டுக் கூடாரத்தில் தங்குவதென்றால் ஸ்வெட்டர், தொப்பி கட்டாயம், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மார்ச், அக்டோபர் இறுதி ஆகியவை விலை குறைந்த நல்ல சமரசம். மே, ஜூனில் வேலை நிமித்தம் தவிர யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகவே கூடாது.

ஜூலை பின்பாதி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை போகிறவர்களுக்கு மட்டும் தனிக் குறிப்பு. பாலைவனச் சாலைகள் பல இடங்களில் வறண்ட ஓடைகளைப் பாலம் இல்லாமல் தரையோடு தரையாகக் கடக்கின்றன. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை அந்த ஓடையில் வந்துகொண்டிருக்கலாம். நீர் ஓடினால் ஆழம் எவ்வளவு என்று ஊகித்து வண்டியை இறக்காதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள். கூடாரத்தை ஓடைப் படுகையிலோ இரண்டு மேடுகளுக்கு நடுவிலோ அமைக்க வேண்டாம். திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போது ஜோத்பூரிலோ பிகானேரிலோ ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மணல் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் நின்ற செய்திகள் பார்மர் பக்கத்தில் புதியவை அல்ல.